டர்பனில் பல சமயத்தார் ஒன்றாக உட்காரும் வழிபாடு: நடத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். தம்பி பெந்தெகொஸ்தே சபையில் கை உயர்த்திப் பாடுவார். முஸ்லிம் வீட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை ரம்ஜான் நோன்பு பிடிப்பாள். பக்கத்து வீட்டு சூலு இனப் பாட்டி சனிக்கிழமை காலையில் வெள்ளை உடுத்தி, ஷெம்பே சபை என்னும் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவச் சபைக்குப் புறப்படுவார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாகச் சேரும் இவர்கள் இறைவன் முன்னால் மட்டும் ஒன்றாக உட்கார்ந்ததே இருக்காது. அப்படி உட்கார வைக்க விரும்புகிறவர்களுக்கான வழிமுறை இது. ஐம்பது பேர், ஒரு சமூகக் கூடம், ஒரு பிற்பகல் என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் முதல் விதி: கலக்காதீர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேண்டுதலை எழுதி, அதில் எல்லாக் கடவுள் பெயரையும் வரிசையாகப் போட்டு, அனைவரையும் ஒரே குரலில் சொல்லவைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அது யாருடைய வேண்டுதலும் ஆகாது. அல்லாஹ்வுக்கு இணை வைக்கக்கூடாது என்று வாழ்கிறவர் அதைச் சொல்ல முடியாமல் தவிப்பார். கிறிஸ்துவே வழி என்று நம்புகிறவர் உதட்டை மட்டும் அசைப்பார். அம்மன் பக்தருக்கோ அதில் தன் அம்மாவின் முகமே தெரியாது. ஒவ்வொருவரும் தம் முறையில் முழுமையாக, ஒரு சொல்லும் குறையாமல் வேண்டட்டும். மற்றவர்கள் பக்கத்தில் அமைதியாக இருக்கட்டும். அடுத்தவர் உருகி நிற்பதை அருகிலிருந்து காண்பதில்தான் அந்த ஒருமை இருக்கிறது.

இந்த நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1910-ல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே, தன் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். தமிழரும் தெலுங்கரும் குஜராத்தியரும், இந்து முஸ்லிம் பார்சி கிறிஸ்தவப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். ரம்ஜான் வந்தபோது மற்றப் பிள்ளைகளும் கூடவே பட்டினி இருந்தார்கள், ஆனால் முஸ்லிம் பிள்ளைகளைப் போல அல்ல. தண்ணீர் குடிக்கலாம் என்று அவர்களுக்கு விலக்கு இருந்தது. சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். நோன்பு திறக்கிற தோழர்களுக்கு ஆக்கிப் பரிமாறக் கை ஓய்வாக இருக்க வேண்டும் என்பதற்காக. நோன்பு யாருடையதோ அவருடையதாகவே இருந்தது, துணை மட்டும் எல்லாருடையதாக இருந்தது. உங்கள் கூட்டத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் இதை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறித்தல்

பாதிக் கூட்டங்கள் நாள் குறிக்கும்போதே கெட்டுப்போகின்றன. வெள்ளி மதியம் முஸ்லிம்களுக்கு ஜும்ஆ தொழுகை. சனிக்கிழமை ஷெம்பே சபையாருக்கும் அட்வென்டிஸ்ட் சபையாருக்கும் ஓய்வுநாள். ஞாயிறு காலை மற்றத் திருச்சபைகள். பெரிய வெள்ளியை ஒட்டி இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோவிலில் திருவிழா. கிறிஸ்தவருக்கும் வர முடியாது, இந்துவுக்கும் வர முடியாது. தைப்பூசத்தை ஒட்டியும் சித்திரைக் காவடியை ஒட்டியும் வேண்டாம். ரம்ஜான் ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே வரும், அதனால் போன ஆண்டுக் குறிப்பை நம்பாதீர்கள்.

மிஞ்சுவது ஞாயிறு பிற்பகல், அல்லது அரசு விடுமுறை. செப்டம்பர் 24 மரபு நாள் மிகப் பொருத்தமானது. அது புரட்டாசியில் விழுவதால் தமிழ் வீடுகளில் ஏற்கெனவே மரக்கறிச் சாப்பாடுதான்; சாப்பாட்டுத் தகராறு பாதி தீர்ந்துவிடும். டிசம்பர் 16 நல்லிணக்க நாளுக்கும் பெயர்ப் பொருத்தம் உண்டு, ஆனால் அன்று கூடத்தில் புழுக்கம் தாங்காது. நவம்பர் 16-ம் நல்ல நாளே. 1860-ல் அன்று ஒப்பந்தத் தொழிலாளரோடு சென்னையிலிருந்து முதலில் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலின் 342 பேரில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தார்கள். அது விடுமுறை இல்லாததால் அதை ஒட்டிய ஞாயிற்றைப் பிடியுங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றேகாலுக்கு வழிபாட்டை முடியுங்கள், அதன் பிறகு சாப்பாடு. நடுவில் அஸர் தொழுகை வரும். எப்போது என்பதை அந்த வட்டாரப் பள்ளிவாசலின் நேர அட்டையில் பார்த்து நிகழ்ச்சித் தாளிலேயே அச்சிடுங்கள். கேட்காமலே அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது முஸ்லிம் உறவினருக்கு உண்டாகும் நிம்மதி பெரிது.

கூடத்தை ஒழுங்கு செய்தல்

டர்பனிலிருந்து கிப்லா, அதாவது முஸ்லிம்கள் தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, கிட்டத்தட்ட நேர் வடக்கு. வடக்கிலிருந்து கிழக்காகப் பத்துப் பாகை. தமிழர் விளக்கு வைப்பது கிழக்கே. இரண்டும் மோதவில்லை என்பது நமக்கு வாய்த்த வசதி. விளக்கைக் கிழக்குச் சுவரோரம் வையுங்கள். வடக்குச் சுவரை வெறுமையாக விடுங்கள். படம், கொடி, பதாகை எதுவும் வேண்டாம். தொழுகைக்கு வடக்குப் பக்கம் ஒரு சிறு அறையோ மூலையோ ஒதுக்கி, துவைத்த வெள்ளை விரிப்பு இரண்டு போடுங்கள். கைகால் கழுவக் குழாய் எங்கே என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டுங்கள். திசை பார்க்க வெறும் காந்த ஊசியை வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள்; இந்தப் பக்கத்தில் அது உண்மை வடக்கிலிருந்து 25 பாகை அளவுக்கு மேற்கே விலகி நிற்கும். கைப்பேசியில் திருத்தப்பட்ட வடக்கு காட்டும் அமைப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது பக்கத்துப் பள்ளிவாசலின் திசையைப் பாருங்கள்.

மேடை வேண்டாம். நாற்காலிகளை மூன்று வட்டமாகப் போட்டு, நடுவில் சிலருக்குப் பாய். வாசலில் செருப்பு விடும் இடம். கோவில், பள்ளிவாசல், ஷெம்பே சபை மூன்றிலும் வெறுங்கால்தான். திருச்சபையாருக்கும் இதில் மறுப்பு இருக்காது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் காலுறை போட்டுக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சங்கோஜப்பட்டு வாசலிலேயே நிற்பார்கள்.

அடுத்தது உருவங்கள். இது நோகும் இடம். சாமி படம் வைத்தால் சிலர் உள்ளே வர மாட்டார்கள். வைத்துவிட்டுத் துணியால் மூடினால் அதைவிட அவமதிப்பு. ஒரு குத்துவிளக்கு மட்டும் போதும் என்பது எங்கள் முடிவு. இந்துப் பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது வள்ளலாரை நினைவூட்டுங்கள். 1872-ல் வடலூர் சத்திய ஞான சபையில் அவர் வழிபடக் கொடுத்தது சோதியைத்தான். விளக்கு நமக்குக் குறைந்த கடவுள் அல்ல, அருட்பெருஞ்சோதியே அது. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் விளக்கு. அதே சமயம் சிலுவையையும் மாட்டாதீர்கள். ஒரு தரப்பு மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்தக் காயம் அடுத்த ஆண்டு வெளியே வரும்.

விளக்குக்கு 250 மில்லி நல்லெண்ணெய், ஐந்து திரி. விருந்தினர் வருவதற்கு முன்பே ஏற்ற விரும்புகிறவர்கள் ஏற்றிவிடட்டும். "எல்லாச் சமயத் தலைவர்களும் சேர்ந்து விளக்கேற்றுவார்கள்" என்று வைத்தால், விளக்கேற்ற மனம் ஒப்பாத ஒருவர் அத்தனை பேர் முன்னால் தீக்குச்சியோடு திகைத்து நிற்பார். கற்பூரம் உள்ளே வேண்டாம், கூடத்தின் புகை எச்சரிக்கை மணி அலறும். கற்பூரமும், சூலு முறையில் முன்னோரை அழைக்க எரிக்கும் இம்பெபோ மூலிகையும் முற்றத்தில், தனித்தனி மண்தட்டில். முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தான் உண்ணும் தமிழருக்கு அந்தப் புகையின் பொருளை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது. விபூதி, குங்குமத் தட்டை நுழைவாசலில் வைக்காமல் வெளியேறும் வழியில் வையுங்கள். விருப்பமுள்ளவர் தாமே எடுத்துக்கொள்வார். யார் நெற்றியிலும் நீங்கள் பூசாதீர்கள்.

சாப்பாடு

இதில் கவனம் தவறினால் மற்றதெல்லாம் வீண். மரக்கறி மட்டும் என்பது எல்லாருக்கும் பொருந்தும், டால்ஸ்டாய் பண்ணையிலும் அப்படித்தான். ஆனால் மரக்கறி என்பதோடு விஷயம் முடிவதில்லை. படைத்த உணவை முஸ்லிம்கள் உண்ண மாட்டார்கள், பெந்தெகொஸ்தே உறவினர் பலரும் உண்ண மாட்டார்கள். அது உங்கள் மேலுள்ள வெறுப்பு அல்ல. விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றி அவர்கள் வேதத்தில் சொல்லியிருப்பதால். ஆகவே பொதுச் சாப்பாட்டைப் படைக்கவே படைக்காதீர்கள். நைவேத்தியத்துக்குத் தனியாக அரை கிலோ ரவையில் சொஜி கிண்டுங்கள். ரவைக்குச் சரியெடை சர்க்கரை, கால் கிலோ நெய், ஒன்றரை லிட்டர் பாலும் நீருமாக. அதைத் தனி மேசையில் "படைத்தது" என்று எழுதி வையுங்கள். பெரிய மேசையில் "படைக்காதது" என்ற அட்டை. ஒளிக்காமல் எழுதியிருந்தால் ஒருவரும் தட்டைப் பார்த்துச் சந்தேகப்பட மாட்டார்கள்.

பாத்திரத்தைப் பற்றியும் கேள்வி எழும். பன்றிக்கறி வெந்த பானையில் முஸ்லிம் உண்ணமாட்டார், மாட்டுக்கறி வெந்ததில் சைவர் உண்ணமாட்டார். கோவில் மடைப்பள்ளியிலிருந்து அண்டாக்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் எந்த இறைச்சியும் ஏறியிருக்காது, இரு தரப்புக்கும் நிம்மதி. முஸ்லிம் உறவினரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐம்பது பேருக்கு மரக்கறி பிரியாணி: அரிசி 4 கிலோ, மசூர் பருப்பு 1 கிலோ, உருளைக்கிழங்கு 3 கிலோ, கேரட், பட்டாணி, பீன்ஸ் சேர்ந்து 3 கிலோ, வெங்காயம் 2 கிலோ. டர்பன் பிரியாணியில் பருப்பு இல்லாவிட்டால் ஊர்க்காரர் ஏற்க மாட்டார்கள். பருப்பைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்துப் பிறகு அடுக்குங்கள். முழுக்க வெந்தால் தம்மில் கரைந்து சோறு கூழாகிவிடும். தயிர்ப் பச்சடிக்கு 4 லிட்டர் தயிர். இனிப்பில் ஜெலட்டின் சேர்ந்த ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வேண்டாம்.

கூழும் வையுங்கள். மாரியம்மனுக்கு நாம் ஊற்றும் கூழ் இங்கே மக்காச்சோளமாவுக் கூழ். அதைக் குடிக்கும் சூலுப் பெரியவர் "இது எங்கள் அமஹேவு" என்பார், புளித்த சோளமாவுப் பானம் அவர்கள் வீட்டிலும் உண்டு. ஒரு கிலோ மக்காச்சோளமாவை இரண்டு லிட்டர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஐந்து லிட்டர் நீரில் ஊற்றிக் கிளறி, அரைமணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு மீட்க முடியாது. ஆறியதும் மூடி ஒரு இரவு புளிக்க வையுங்கள். உப்பை மறுநாள்தான் போட வேண்டும்; முதலிலேயே போட்டால் புளிப்பு மந்தப்படும். டிசம்பர் வெக்கையில் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பரிமாறும் முன் இரண்டு லிட்டர் புளித்த பால், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் வரும். அம்மனுக்கு இந்தப் பானையிலிருந்து படைக்க வேண்டாம், அதற்கு வேறு சிறு பானை.

வழிபாட்டு ஒழுங்கு

ஆறு மரபுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம், பின்பு இரண்டு நிமிட அமைதி. மொத்தம் ஐம்பத்துநாலு நிமிடம். வரவேற்பும் இடைவெளியும் சேர்த்து ஒன்றேகால் மணி. வரிசையைச் சீட்டுப் போட்டு எடுங்கள். தலைமை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை ஒன்றும் கிடையாது. வரவேற்பு மூன்று வாக்கியம்: வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், சனிபோனானி, "ஒவ்வொருவரும் தம் முறையில் வேண்டுவார்கள், மற்றவர்கள் அமைதியாக இருப்போம், யாரும் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை", அவ்வளவே. தொடக்கத்தில் ஒருமுறை முதற்குறளைச் சொல்லலாம். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்பதை எந்தச் சமயத்தாரும் தம்முடையதாகக் கேட்க முடியும்.

முதலில் மூலமொழியில் ஓதுவது, பிறகு ஒரே ஒரு பத்தி மொழிபெயர்ப்பு. இளையவர் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. தாளில் தமிழ் எழுத்தோடு ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள். அரபு மூலத்தை மட்டும் அச்சிடாதீர்கள். தாள் தரையில் விழும், யாராவது மிதிப்பார்கள்; அது வேத வசனம். பொருள் மட்டும் போதும்.

இந்து வழிபாடு: தமிழர், தெலுங்கர், இந்திக்காரர், குஜராத்தியர் நான்கு பேரும் தனித்தனி ஏழு நிமிடம் கேட்பார்கள். கொடுத்தால் கூட்டம் பாதி இந்துக் கூட்டமாகிவிடும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே முறைதான், ஆண்டுக்கொருவராகச் சுற்றுங்கள். தேவாரப் பதிகம் முழுவதையும் எடுக்காமல் ஒரே பாடலை நிதானமாகப் பாடினால் அதுவே நெஞ்சில் நிற்கும்.

இஸ்லாம்: சூரத்துல் ஃபாத்திஹா ஏழு வசனம், ஓத ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரம் அதன் பொருள். பின்னணியில் தம்புராவோ கீபோர்டோ வாசிக்காதீர்கள். முடிந்ததும் கைதட்டாதீர்கள், எந்த வழிபாட்டுக்குமே கைதட்டல் கிடையாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கிறிஸ்தவம்: கர்த்தர் கற்பித்த செபம் என்றால் எல்லாரும் சேர்ந்து சொல்லிவிடலாம் என்று நினைப்போம். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று சீர்திருத்தச் சபையார் தொடங்குவார்கள், "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று கத்தோலிக்கர் தொடங்குவார்கள். முடிவிலும் கத்தோலிக்கர் "தீமையிலிருந்து" என்ற இடத்தில் நிறுத்த, மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வார்கள். எது என்று முன்பே பேசி ஒரே வடிவத்தைத் தாளில் போடுங்கள். இன்னொன்றும் பேசிவைக்க வேண்டும்: "இன்று இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்ற அழைப்பு இந்தக் கூட்டத்தில் வேண்டாம். பாஸ்டரிடம் தனியாக, மரியாதையாக, ஒரு வாரம் முன்பே கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் அவர் நேர்மையானவர். அவருக்கு வணக்கம் சொல்லி, வேறொருவரைக் கேளுங்கள்.

ஷெம்பே சபையார், ஐசாயா ஷெம்பே 1910-ல் தொடங்கிய நசரேத் பாப்டிஸ்ட் சபையினர், பாடலை மிக மெதுவாக எடுப்பார்கள். ஏழு நிமிடத்தில் இரண்டு சரணம் முடிந்தால் பெரிது. அவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். சூலுப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் "பாபா" என்றும் மூதாட்டியை "கோகோ" என்றும் அழையுங்கள், நாம் ஐயா, ஆயா என்பதுபோல.

அமைதிதான் பழகாதது. முதல் அரை நிமிடம் இருமலும் நாற்காலிச் சத்தமுமாக இருக்கும். அஞ்சி அமைப்பாளர் பேசத் தொடங்கிவிடுவார்; அதைச் செய்யாதீர்கள். ஒரு சிறு மணியைத் தொடக்கத்தில் மட்டும் தட்டுங்கள், முடிவில் வேண்டாம். அடுத்தவர் எழுந்து நிற்பதே முடிவு. இரண்டாவது மூன்றாவது சுற்றில் கூடம் தானாக அடங்கும். ஓதியவரின் குரல் காதில் இன்னும் ஒலிக்க, மொழி தெரியாதவர் கண்ணிலும் நீர் வரும் நேரம் அதுதான். குழந்தை அழுதால் அழட்டும், தாயை வெளியே அனுப்பாதீர்கள்.

கெடுக்கிறவை இன்னும் சில: "எல்லாச் சமயமும் ஒன்றுதான்" என்ற மேடைப்பேச்சு, ஏனென்றால் அதை நம்பாதவர் மௌனமாக இருந்தாலும் சம்மதித்ததாக ஆகிவிடும், வாட்ஸ்அப்பில் போட வீடியோ எடுப்பது, இருபது நிமிட நன்றியுரை, தேர்தல் நேரத்து அரசியல்வாதி.

அதன் பிறகு

ஒரு பிற்பகல் பழக்கமாகாது. மூன்று மாதத்துக்கொரு முறை ஒருவர் இடத்துக்கு மற்றவர்கள் போகவேண்டும், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நகர நடுவில் தொடங்குவது எளிது. கிரே ஸ்ட்ரீட் ஜும்ஆ பள்ளிவாசலும் இம்மானுவேல் பேராலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன, நடுவே மதரஸா ஆர்கேட் என்னும் கடைவரிசை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புரூக் ஸ்ட்ரீட் மயானத்தில் பாட்ஷா பீர் தர்கா. அவரும் ட்ரூரோ கப்பலில் வந்தவர் என்பது மக்கள் நம்பிக்கை, எல்லாச் சமயத்தாரும் அங்கே வருகிறார்கள். பள்ளிவாசலுக்கு வெள்ளி மதியம் போகாதீர்கள். பெண்கள் தலைத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். பேராலயத்தில் திருப்பலி நடந்தால் நற்கருணை வாங்க வரிசையில் நிற்காமல் இருக்கையிலேயே இருங்கள். பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டுவது தமிழர் செய்யும் வழக்கமான பிழை. பக்கத்து டெனிஸ் ஹர்லி மையத்தில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடும் வேலையில் பல சமயத்தாரும் சேர்கிறார்கள். ஒரு காலை நேரம் அங்கே சேர்ந்து வெங்காயம் நறுக்குவதற்கும் இந்த வழிபாட்டுக்கும் தூரம் அதிகமில்லை. இனாண்டாவில் 1904-ல் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பும் ஷெம்பேயின் புனிதத் தலமான எகுபகாமேனியும் ஒரே நாளில் பார்க்கக்கூடியவை. சனிக்கிழமை எகுபகாமேனி போவதானால் வெளிர் நிற உடை, வெறுங்கால்.

வீட்டளவில் செய்வதானால் எல்லாவற்றையும் சுருக்குங்கள்: மூன்று மரபு, ஆளுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட அமைதி. சாவு வீட்டில் மட்டும் வேண்டாம். இறந்தவர் எந்த வழியில் வாழ்ந்தாரோ அந்த வழியில் அடக்கமோ தகனமோ முழுமையாக நடக்கட்டும். அங்கே இன்னொரு பிரார்த்தனையைச் செருகினால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே அறுந்துபோகும். பதினாறாம் நாள் கழிந்த ஒரு ஞாயிறு பிற்பகல் எல்லாரையும் அழைத்து, இறந்தவர் விரும்பிக் குடித்த தேநீரையே போட்டு, அவரவர் முறையில் அவருக்காக வேண்டச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கோவில் அண்டாக்களைக் கழுவும் வேலையை ஒரே வீட்டுப் பெண்கள் தலையில் கட்டாதீர்கள். ஒவ்வொரு மரபிலிருந்தும் இரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக, முன்பே பெயர் எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கான நாளை அந்தப் பன்னிரண்டு பேரும் அண்டாவைத் துடைத்துக்கொண்டே பேசி முடிவு செய்யட்டும்.